அனைவரும் வருக, மின்விசிறி வசதி உண்டு

தேவாலயத்துப் பலகையைப் பார்த்துச் சிரித்தவர்கள் வீட்டு வாசலில் எல்லாம், ஒரு திங்கட்கிழமை விடிந்தபோது, ஆளுக்கொரு பலகை முளைத்திருந்தது. யாரோ கொண்டுவந்து நட்டதாகத் தெரியவில்லை. கம்பத்தின் அடியில் மண் உள்ளிருந்து வெளியே தள்ளியிருந்தது. சிமெண்டு போட்ட வாசல்களில் சிமெண்டு வெடித்திருந்தது. பலகைகளின் மேல் விளிம்பில் தளிர்ப் பச்சைகூட இன்னும் மாறவில்லை. ஒவ்வொன்றிலும் மூன்று கம்பிகள், கம்பிகளில் தொங்கும் கறுப்புத் தகர எழுத்துகள், அடியில் நீலப் பெயிண்டில் ஒரு வரி. தேவாலயத்துப் பலகையும் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். முதலில் பார்த்தவர் பால் போடுகிறவர். அவர் வாசலில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. நல்லவர் என்பதால் அல்ல, தேவாலயத்தை அவர் தாண்டும் நேரத்தில் படிக்கிற வெளிச்சம் இருக்காது, படிக்காததைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? அன்றைக்கு வண்டி பஞ்சராகித் தாமதமாகி வந்ததால் வீடு வீடாகப் படித்துக்கொண்டே போனார். தெருக்கோடியை அடைவதற்குள் ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியாதவராகிவிட்டார். இப்போதும் பாலை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறார்.

நடந்ததை வரிசையாகச் சொல்வதென்றால் மின்விசிறியில் தொடங்க வேண்டும். முன்னொரு காலத்தில், வெயிலில் ஜனங்கள் ஆராதனைக்கே வராமல் போன ஒரு வருஷம், அப்போதிருந்த போதகர் ஊரெல்லாம் வசூல் செய்து தேவாலயத்துக்கு மின்விசிறிகள் வாங்கி மாட்டினார். அந்தப் பெருமை தாங்காமல், வாசல் பலகையின் அடியில், மழைக்கும் வெயிலுக்கும் அசையாத பெயிண்டில் ‘அனைவரும் வருக. மின்விசிறி வசதி உண்டு’ என்று எழுதி வைத்தார். பிறகு அவர் மாற்றலாகிப் போனார், மின்விசிறிகளில் பாதி சுற்றுவதை நிறுத்திக்கொண்டன, வரி மட்டும் போகவில்லை. அதற்கு மேலே இருக்கும் மூன்று கம்பிகளில்தான் வாராவாரம் அறிவிப்பு மாறும். மாற்றுகிறவர் டைப்பிஸ்டம்மா. அரசாங்க அலுவலகத்தில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர், தனி ஆள், சம்பளம் இல்லாத இந்த வேலையைச் சம்பளம் வாங்குகிறவர்களைவிட ஒழுங்காகச் செய்தவர். சனிக்கிழமை காலையில் போதகர் சவரம் செய்துகொண்டே போனில் மளமளவென்று சொல்லுவார். இவர் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டு, மூன்று வரிக்குள் அடங்குகிற மாதிரி வெட்டி, பிஸ்கட் டப்பாவில் இருக்கும் தகர எழுத்துகளை எடுத்துக்கொண்டு, சின்ன ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக மாட்டுவார். மூக்கு பலகையில் இடிக்கிற தூரத்தில் இருந்து தன் மூன்று வரியைச் சரிபார்ப்பார். ஏணியை மடக்குவார், வீட்டுக்குப் போவார். தேவாலயத்துக்கு எதிரே பஸ்கள் திரும்புகிற பெரிய ரோடு. முழங்கால் வலியோடு அதைக் கடக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. ஊர் முழுக்க அந்தப் பலகையை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று நான்கு வரியாகப் படித்தது. அதை எழுதியவர் ஒருத்தர்தான் ஒருநாளும் நான்கு வரியாகப் படித்ததில்லை.

ஆகவே, ‘வெள்ளி மாலை / நரகத்தைப் பற்றிய / விளக்கக் கூட்டம்’ என்று அவர் மாட்டினால், அதற்குக் கீழே அனைவரும் வருக, மின்விசிறி வசதி உண்டு என்றிருக்கும். ‘கல்லறைத் தோட்டத்தில் / இடம் குறைந்து வருகிறது. / விரைந்து பதிவு செய்யவும்’ என்று மாட்டினாலும் அனைவரும் வருகதான். பல வாரங்களில் அடியிலிருக்கும் வரி இல்லாமலேயே வேடிக்கையாகிவிடும், அதற்குப் போதகரின் அவசரமும் டைப்பிஸ்டம்மாவின் வெட்டும் போதும். மௌன ஜெபத்துக்குப் பின்வரிசைக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கி வைக்கப்படும் என்று ஒரு வாரம் இருந்தது. தாழ்மைக்கான பரிசை வென்றவரின் ஆளுயரப் படம் வாசலில் திறந்து வைக்கப்படும் என்று ஒரு வாரம். உலகத்தின் முடிவு தவிர்க்க முடியாத காரணத்தால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது என்று ஒரு வாரம். சிரிக்காமல் என்ன செய்வது? சிரித்ததில் தப்பில்லை என்றுதான் ஊர் இன்றும் சொல்லும், சத்தம் குறைவாக.

தேவாலயத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர், அதற்குப் பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தவர், இந்தச் சிரிப்பை ஒரு தொழில் மாதிரி நடத்தினார். சனிக்கிழமை ஏணி மடங்கியதும் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார், படம் பிடிப்பார், அடியில் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்து ஊரில் போன் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் அனுப்புவார். நரகக் கூட்டத்துக்கு அவர் எழுதியது, ‘நடுவுல கரண்ட் போச்சுன்னா நிர்வாகம் பொறுப்பல்ல.’ ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை மதியம் அவர் படம் வரவில்லையென்றால் ஜனங்களுக்குச் சாப்பாடு இறங்காது என்கிற நிலைமைக்கு வந்தது. போதகருக்கும் போனது; அவரும் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். டைப்பிஸ்டம்மாவிடம் மட்டும் அந்த மாதிரி போன் இல்லை. ஜெராக்ஸ்காரர் படம் பிடிப்பதை ஏணியோடு வீட்டுக்குத் திரும்பும்போது பார்த்திருக்கிறார். தன் எழுத்து பிடித்துப்போய்த்தான் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். அதற்காகவே சனிக்கிழமைகளில் பலகையை ஈரத்துணியால் துடைத்து வைத்தார், தலையைப் படிய வாரி நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு வந்தார். சாமான் வாங்கப் போகும்போது சந்தித்தால் கேட்பார்: “படம் நல்லா வந்துச்சா தம்பி?”

“பிரமாதம்மா,” என்பார் ஜெராக்ஸ்காரர். அவர் பின்னால் நிற்கிறவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

ரொட்டிக் கடைக்காரிதான் போட்டு உடைத்தாள். கெட்ட எண்ணம் கிடையாது, வாய் நிற்காது, அவ்வளவுதான். “அம்மா, உங்க பலகையைப் பாத்துட்டு எங்க வீட்ல எல்லாரும் உருண்டு உருண்டு சிரிச்சோம், இங்க பாருங்களேன்” என்று போனை நீட்டினாள். டைப்பிஸ்டம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். விரலால் தள்ளத் தள்ள, மாதக்கணக்கில் அவர் மாட்டிய பலகைகள் வந்துகொண்டே இருந்தன, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு வரி. நான்காவது வரியோடு அவர் அவற்றைப் படித்தது அப்போதுதான். ரொட்டியை வாங்காமல், மேசையிலிருந்த பையையும் எடுக்காமல் நடந்து வீட்டுக்குப் போனார். அந்தச் சனிக்கிழமை போதகர் போன் செய்தபோது எடுக்கவில்லை. ஏணியோடு வந்து, ‘பலகையில் தவறு இருந்தால் / எழுதியவள் ஊரிடம் / மன்னிப்புக் கேட்கிறாள்’ என்று மாட்டினார். அடியில் என்ன இருக்கிறது என்று இந்தத் தடவை அவருக்கு நன்றாகவே தெரியும். பெயிண்டை அழிக்கத் துணியால் தேய்த்துப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார், அது போகாது. அதைத் தேய்ப்பதையும் ஜெராக்ஸ்காரர் கடை வாசலில் நின்று பார்த்தார். பிறகு படம் பிடித்தார். ‘மன்னிப்பு கேட்கப்படும் இடம் குளிர்சாதன வசதி இல்லாதது, விசிறி மட்டுமே’ என்று எழுதி அனுப்பினார். ஊர் அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் சிரித்ததில்லை. திங்கட்கிழமை பலகைகள் முளைத்தன.

ஒவ்வொன்றும் அந்தந்த வீட்டைப் பற்றிய அறிவிப்பு. திட்டவில்லை, சபிக்கவில்லை, தேவாலயத்துப் பலகை மாதிரியே மரியாதையாக அறிவித்தன. ரொட்டிக் கடை வாசலில், ‘வாடிக்கையாளர் போன பின் / அவரைப் போலவே / நடந்து காட்டப்படும்’ என்றிருந்தது. வக்கீல் வீட்டில், ‘இங்கே வாதங்கள் / தினமும் நடைபெறும். / வக்கீல் ஜெயித்ததில்லை.’ மூலை வீட்டுத் தம்பதி பேச்சை நிறுத்திப் பல காலம் ஆகிறது, வேண்டியதை எல்லாம் பூனையைப் பார்த்துச் சொல்லி அடுத்தவர் காதில் விழவைப்பார்கள் என்பது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. அது இப்போது ரோட்டுக்கே தெரிந்தது, ‘தகவல்கள் பூனை வழியாக மட்டுமே’ என்று. போதகர் வீட்டுப் பலகை, அவர் தன் பிரசங்கத்தின் ஒலிப்பதிவைக் கேட்டு மூன்றாவது நிமிஷத்தில் தூங்கிவிட்டதை அறிவித்தது. எல்லாவற்றுக்கும் அடியில், நீலப் பெயிண்டில், அனைவரும் வருக, மின்விசிறி வசதி உண்டு.

ஜனங்கள் முதலில் கோபப்பட்டார்கள், அப்புறம் ரம்பம் எடுத்தார்கள். அறுத்த இடத்தில் மறுநாள் காலையில் இரண்டாக வளர்ந்தது, எழுத்து இன்னும் பெரிதாக. வக்கீல் தன் பலகைக்குச் சாக்குப் போட்டு மூடினார். மத்தியானத்துக்குள் சாக்கின் மேலேயே எழுத்து வந்துவிட்டது. அனுமதியில்லாத விளம்பரப் பலகைகள் என்று நகராட்சி எல்லோருக்கும் நோட்டீஸ் அனுப்பியது. அளக்க வந்த பொறியாளர் படித்துச் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனபோது அவர் வீட்டு வாசலிலும் ஒன்று நின்றது, நோட்டீஸ் அதோடு நின்றுபோனது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே பலகையை மூடவும் வழியில்லை. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். பெரிய மனிதர்கள் கொல்லைப்புறச் சந்து வழியாக வேலைக்குப் போனார்கள். வெயில் இல்லாத நாளிலும் முகத்துக்குக் குறுக்கே குடை பிடித்தார்கள். போதாக்குறைக்கு, அனைவரும் வருக என்று போட்டிருக்கிறதே என்று முன்பின் தெரியாதவர்கள் உள்ளே வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்கள். “போட்டிருக்கே, அதான் வந்தோம்,” என்றார்கள். போட்டிருக்கிறதை இல்லையென்று எப்படிச் சொல்வது? தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

ஜெராக்ஸ்காரர் வாசலிலும் பலகை முளைத்திருந்தது. இருக்கிறதிலேயே பெரிய பலகை அதுதான், முதலில் சிரித்தவர் அவர்தானே. ஆனால் அதில் மூன்று கம்பிகளும் காலியாக இருந்தன. அடியில் நீல வரி மட்டும். முதல் நாள் அவர் தப்பித்தேன் என்று நினைத்தார். இரண்டாம் நாள் வாசலில் கூட்டம் நின்றது. எழுதிய பலகையை ஒருதரம் படித்துவிட்டுப் போகிறவர்கள், எழுதாத பலகைக்கு முன்னாலிருந்து நகரவே மாட்டேன் என்றார்கள். அப்படி என்ன இருக்கும் என்றார்கள். கள்ள நோட்டு அச்சடிக்கிறார் என்றார் ஒருவர், ஜெராக்ஸ் மெஷின் இருக்கிறதல்லவா. இன்னொரு ஊரில் இன்னொரு குடும்பம் என்றார் மற்றவர்.

“எழுதியிருந்தா ஒரு வாரத்துல மறந்திருப்பாங்க,” என்றாள் அவர் மனைவி. “இப்போ ஊரே நம்ம வீட்டைத்தான் பாக்குது. பின்கதவைத் திறக்கவே பயமா இருக்குங்க.”

பின்கதவுக்குப் பக்கத்து அறையில் அவருடைய அண்ணன் இருந்தார். ஊரைப் பொறுத்தவரை அண்ணன் கப்பல் கம்பெனியில் வேலை கிடைத்து வெளிநாடு போனவர். உண்மையில் அவர் பெரிய ஜங்ஷன் ஒன்றில் அறிவிப்பாளராக இருந்தவர். அப்படி ஒரு குரல். அவர் சொன்னால் தாமதமாக வருகிற ரயில்மேல்கூட யாருக்கும் கோபம் வராது. ஒருநாள் மத்தியானம், ரயில் தாமதத்தை அறிவித்துக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் அழ ஆரம்பித்தார். மைக்கை அணைக்கத் தோன்றாமல் அழுதார். எல்லா பிளாட்பாரத்திலும் ஒலிபெருக்கிகள் அழுதன. அண்ணனுக்குச் சலவைச் சட்டை கொண்டுவந்த தம்பி அப்போது மூன்றாவது பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார். கூட்டம் முதலில் திகைத்தது, பிறகு ஒருவன் அதே மாதிரி விசும்பிக் காட்டினான், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்றவர், “ரயிலு லேட்டுன்னா நாமதான அழணும், இவன் ஏன்யா அழறான்?” என்று முழங்கையால் இடித்தார். அது தன் அண்ணன் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று தம்பியும் சிரித்தார். நன்றாக, சத்தமாகச் சிரித்தார். கையில் அண்ணன் சட்டை.

இது யாருக்கும் வரக்கூடிய நோய்தான் என்று டாக்டர் சொன்னார். சொல்லி என்ன? மானம் கப்பலேறாமல் இருக்க அண்ணனைக் கப்பலேற்றிவிட்டார்கள். பின்னறையில், காகிதக் கட்டுகள் அடுக்கி வைத்திருந்த இடத்தில், ஒரு கட்டில் போட்டார்கள். வருஷங்கள் போயின. அண்ணன் அழுவது குறைந்தது, பேசுவதும் நின்றது. காகிதம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விடும், அறை அடுப்பாக இருக்கும். அங்கே மின்விசிறி மாட்டவில்லை. காகிதம் வைக்கிற அறையில் விசிறி எதற்கு ஓடுகிறது என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? ஜெராக்ஸ்காரரின் மனைவி ஓர் அட்டையால் விசிறிவிட்டு வருவாள், வேலை இல்லாத நேரத்தில்.

கடைசியில் ஜெராக்ஸ்காரர் டைப்பிஸ்டம்மா வீட்டுக்குப் போனார். தெருவிலேயே பலகை இல்லாத வீடு அது ஒன்றுதான். அவர் சிரித்ததில்லையே. கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் வெகுநேரம் வாசலிலேயே நின்றார்.

“உள்ள வாங்க தம்பி. என் பலகையைப் பாத்தாத்தான் சிரிப்பு வரும், என்னைப் பாத்தாலுமா?” என்றார் டைப்பிஸ்டம்மா.

“என் வீட்டுப் பலகைல மட்டும் ஏம்மா ஒண்ணும் போடல?”

“நான் யாருக்கும் ஒண்ணும் போடல. எழுத்தெல்லாம் இந்த டப்பாவுக்குள்ளதான் கிடக்கு, பாருங்க.” திறந்து காட்டினார். கிடந்தது. மூடியைத் திரும்பப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: “படம் நல்லா வந்துச்சான்னு வாராவாரம் உங்ககிட்டயே கேட்டேனே தம்பி. ஒருநாளாவது, ‘அம்மா, இந்தப் பக்கம் வந்து ஒரு தடவ படிச்சுப் பாருங்க’ன்னு சொல்லிருக்கக் கூடாதா? கையப் புடிச்சு ரோட்டைத் தாண்ட வச்சிருந்தா வந்திருப்பேனே.”

ஜெராக்ஸ்காரருக்குக் காது வரை எரிந்தது. “தப்புப் பண்ணிட்டேம்மா,” என்றார். அவர் வாழ்க்கையில் அந்த வார்த்தையை அதற்கு முன் சொல்லிப் பழக்கமில்லை. சொல்லி முடித்த பிறகும் வாய் திறந்தே இருந்தது.

“உங்க வீட்டுக்கு என்ன போடணும்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்போ நீங்கதான் போடணும்போல. மத்தவங்களுக்குத் தங்க வீட்டுக்கு என்ன போடணும்னு தெரியாதுல்ல, அதான் அங்கெல்லாம் அதுவே போட்டுக்கிச்சு. எனக்கென்ன தெரியும், ஏதோ தோணுச்சு, சொல்றேன்.” டப்பாவையும் ஏணியையும் கொடுத்து அனுப்பினார். “போட்டுட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு படிங்க. நான் செஞ்ச தப்பைச் செய்யாதீங்க.”

டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலடியில் தள்ளிவிட்டார். ஆளைக் கொன்றாலும் போட மாட்டேன் என்றார் மனைவியிடம். ஒரு வாரம் அப்படியே கிடந்தது. அடுத்த புதன்கிழமை ரொட்டிக் கடைக்காரி வந்தாள். அனைவரும் வருக என்றிருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே, பதில் பேச இடம் கொடுக்காமல், கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டாள். பின்னறையில் இருமல் சத்தம் கேட்டது. யாரு என்றாள். பூனை என்றார் ஜெராக்ஸ்காரர். எதற்கெடுத்தாலும் பூனைதான் அப்போது ஊரில் ஞாபகம் வந்தது. இன்னொரு இருமல் ஆரம்பித்து, பாதியில் அமுங்கி, ஒரேயடியாக நின்றது. அவள் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். அவள் படியிறங்குவதற்குள் ஜெராக்ஸ்காரரின் மனைவி பின்னறைக்கு ஓடினாள், அங்கிருந்தே கூப்பிட்டாள்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் கருத்துப்போயிருந்தது, உடம்பெல்லாம் வேர்வை. தம்பியைப் பார்த்ததும், வந்தவர்கள் போய்விட்டார்களா என்று கண்ணாலேயே கேட்டார். தம்பிக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாது என்று அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். இன்றைக்கு மட்டுமா, இத்தனை வருஷமுமா என்று கேட்கத் தம்பிக்குத் தைரியம் இல்லை. துண்டை மெதுவாக உருவினார். அண்ணன் இருமினார், நன்றாக, வேண்டிய மட்டும் இருமினார். ஜெராக்ஸ்காரர் தரையில் உட்கார்ந்து அழுதார். அழத் தெரியாதவர் அழுகிற அழுகை, பார்க்கவே கூச்சமாக இருந்தது என்று பிற்பாடு மனைவி சொன்னாள்.

சனிக்கிழமை காலை, பஸ்கள் திரும்புகிற நேரம், ரோட்டில் ஆள் நிறைந்திருந்தபோது அவர் ஏணியில் ஏறினார். கூட்டம் சேர்ந்தது. மாட்ட மாட்ட எழுத்துகள் நழுவிக் கீழே விழ, ஒவ்வொரு தடவையும் இறங்கிப் பொறுக்கிக்கொண்டு ஏறினார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, தொடவும் பயந்தார்கள். மாட்டி முடித்ததும் ஏணியை மடக்கிவிட்டு, டைப்பிஸ்டம்மா சொன்ன மாதிரி ரோட்டைத் தாண்டி தேவாலயத்துப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தார். ஊரும் அவரோடு சேர்ந்து படித்தது.

‘என் அண்ணன் பின்னறையில் / இருக்கிறார். கப்பலில் இல்லை. / அவர் அழுதபோது நான் சிரித்தேன். / அனைவரும் வருக. மின்விசிறி வசதி உண்டு.’

ஒருவர் பழக்கதோஷத்தில் போனை எடுத்தார், எடுத்த கையோடு பையில் போட்டுக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட ஜெராக்ஸ்காரருக்குத் தாங்கியிருக்கும். அதற்குத் தயாராகத்தான் போய் நின்றார். அவர் தயாராக இல்லாதது கடைசி வரிக்கு. மாதக்கணக்கில் எந்த வரியை வைத்து ஊரைச் சிரிக்கவைத்தாரோ அந்த வரி. பலகையில் இருந்த மற்றதெல்லாம் உண்மை. அது ஒன்றுதான் பொய். பின்னறையில் மின்விசிறி இல்லை.

அவர் ரோட்டைப் பார்க்காமல் கடந்தார். பஸ்காரர் வண்டியை நிறுத்தித் திட்ட வாயெடுத்து, பலகையைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்குள் போய் மேசை மேல் நாற்காலி போட்டு ஏறி, கூடத்து மின்விசிறியைக் கழற்றினார். ஜன்னலைத் திறந்துவைத்து, காகிதக் கட்டுகளை முற்றத்தில் தூக்கிப் போட்டு, பின்னறையில் மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் இத்தனை வருஷத் தூசியும் காகிதத் துண்டுகளும் அறையெல்லாம் பறந்தன. அண்ணன் தலையை அண்ணாந்து பார்த்தார். வேர்வை காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் ஆளாக வந்து கதவுக்கு வெளியே நின்றவர் டைப்பிஸ்டம்மா. ரோட்டை எப்படித் தாண்டினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. “போட்டிருந்துச்சு, வந்தேன்,” என்று சொல்லிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

பலகைகள் அதற்குப் பிறகும் போகவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையடிக்கும்போது கம்பத்துக்கும் சேர்த்து அடிக்கிறார்கள். வீடு வாங்க வருகிறவர்கள் தண்ணீர் வருமா என்று கேட்டுவிட்டுப் பலகை என்ன சொல்கிறது என்றும் கேட்கிறார்கள். மூலை வீட்டுப் பூனை செத்துப்போனது. தம்பதிக்கு வேறு வழியில்லாமல் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதாயிற்று, அவர்கள் பலகையிலும் அதற்கேற்றபடி மாறியிருக்கிறது. தேவாலயத்துப் பலகையை டைப்பிஸ்டம்மாதான் இன்னும் எழுதுகிறார். நீல வரியை அழித்துவிடலாம் என்று போதகர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார், ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை காலையில் ஜெராக்ஸ்காரர் கடை வாசலில் நின்று நான்கு வரியையும் சத்தமாகப் படித்துச் சொல்வார். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தால் அதையும் சொல்வார். டைப்பிஸ்டம்மா ஏணியில் நின்றபடி யோசித்துவிட்டு, சில வாரம் மாற்றுவார், சில வாரம் “இருக்கட்டும் தம்பி, சிரிச்சுட்டுப் போகட்டும்” என்பார்.

வெயில் காலத்தில் ஜெராக்ஸ்காரர் வீட்டுப் பின்னறையில் இடம் கிடைப்பது கஷ்டம். ரொட்டிக் கடைக்காரி வருகிறாள், வக்கீல் வருகிறார், போதகர் வந்து உட்கார்ந்த உடனே தூங்கிவிடுகிறார். ஒருநாள் மத்தியானம் அண்ணன் விசிறியைப் பார்த்தபடி தொண்டையைச் செருமினார். பிறகு அந்தப் பழைய குரலில், ஒரு ஜங்ஷன் முழுக்கக் கேட்ட அதே குரலில், “பயணிகளின் கனிவான கவனத்திற்கு,” என்றார். அதோடு நின்றுவிட்டது. கண் நிறைந்தது. அறையில் ஒருவரும் அசையவில்லை. தண்ணீர்த் தம்ளர்களோடு கதவருகில் நின்ற தம்பி, “சொல்லுண்ணே, கேக்குறோம்,” என்றார். அன்றைக்கு வரவில்லை. அது முதல் தினமும் அந்த நேரத்துக்கு அண்ணன் அவ்வளவு மட்டும் சொல்கிறார். அறையில் இருப்பவர்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, பேச்சை நிறுத்தி, போதகரையும் தட்டி எழுப்பிவிட்டு, காத்திருக்கிறார்கள். மீதி இன்னும் வரவில்லை. யாருக்கும் அவசரம் இல்லை, மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது.